எச்சரிக்கை வாசகத்துக்கு எந்த ஆங்கிலச் சொல்? கோளாறை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், கோவையில் பம்ப்செட்டுக்கு மேனுவல் எழுதுபவர், ஈரோட்டில் மஞ்சள் ஏற்றுமதிக்கு மெயில் போடுபவர், பெருந்துறை சிப்காட்டில் சேஃப்டி ஆபீசர். இவர்கள் நால்வருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. நாம் எச்சரிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும் இடத்தில் ஆங்கிலத்தில் வார்னிங், காஷன், டேஞ்சர், அலர்ட், நோட்டீஸ், பிவேர் என்று ஒரு கூட்டமே நிற்கும். எதை எடுத்துப் போட்டாலும் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு காட்டாது, ஏனென்றால் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. தப்பு தெரியவருவது அப்புறம்தான். பையர் (வெளிநாட்டில் சரக்கை வாங்குபவர்) சூடாகப் பதில் போடுவார், லேபிள் திரும்பி வரும், தொழிற்சாலையைச் சோதிக்க வரும் ஆடிட்டர் ஒன்றும் பேசாமல் நோட்டில் எதையோ குறித்துக்கொள்வார்.

அகராதியைப் புரட்டினால் இந்தச் சொற்கள் எல்லாம் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். ஆகவே கோளாறிலிருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியதற்கு என்ன விளைவு வந்ததோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முழுவதும் படித்தாக வேண்டும் என்பதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசிக்கு ஒரே காரணம்தான்: எது அழுத்தமாக ஒலிக்கிறது, எது மரியாதையாக ஒலிக்கிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது. அதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? கட்டாயம் ஆகுமா, ஆகக்கூடுமா? அந்தக் கெடுதல் யார் கையிலிருந்து வருகிறது?

"என்ன, மிரட்டுகிறீர்களா?" என்று பையர் கேட்கிறார்

போன மாத இன்வாய்ஸுக்கு இன்னும் பணம் வரவில்லை. அடுத்த சரக்கு பேக்கிங் டேபிளில் தயாராக இருக்கிறது. "வீ வார்ன் யூ தட் தி நெக்ஸ்ட் ஷிப்மென்ட் வில் பி ஸ்டாப்டு" என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறோம். இலக்கணம் சரி. ஆனால் படிப்பவருக்கு அது மிரட்டல்.

மூன்றாவது கேள்வியை இங்கே கேளுங்கள். ஷிப்மென்ட்டை நிறுத்தப் போவது யார்? நாம்தான். வெளியிலிருந்து வரும் கெடுதலைப் பற்றி, எதிராளி தப்பித்துக்கொள்ளட்டும் என்று சொன்னால் அது வார்ன். அந்தக் கெடுதலை நானே செய்யப்போகிறேன் என்றால், ஆங்கிலக் காதுக்கு அது த்ரெட். "மழை வருது, துணியை எடுங்க" என்பதும் "எடுக்கலைன்னா நான் தூக்கி வீசிருவேன்" என்பதும் ஒன்றா?

சரி, என்ன எழுதலாம்? முடிவு நம் கையில் இருப்பதை மறைக்காமல், வார்ன் என்ற வினையை மட்டும் எடுத்துவிடுங்கள். "வீ வில் ஹேவ் டு ஹோல்ட் தி ஷிப்மென்ட் அன்டில் தி இன்வாய்ஸ் இஸ் பெய்டு" என்றால் போதும். உறுதி குறையவில்லை, சண்டைக்குக் கூப்பிடும் தொனி போய்விட்டது. சட்டப்படி பதிவில் இருக்க வேண்டிய தகவல் என்றால் நோட்டிஃபை பொருந்தும்: "திஸ் இஸ் டு நோட்டிஃபை யூ தட்..." அட்வைஸ் என்ற சொல்லும் வணிகக் கடிதத்தில் தெரிவிப்பது என்ற பொருளில் வரும். "ப்ளீஸ் பி அட்வைஸ்டு தட்" என்று வந்தால் யாரும் உங்களுக்கு அறிவுரை சொல்லவில்லை, விஷயத்தைச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக "தேங்க்ஸ் ஃபார் தி அட்வைஸ்" என்று எழுதி மானத்தை வாங்காதீர்கள்.

சாயப்பட்டறையில் துணி இரண்டு நாள் தாமதம், பையர் கொஞ்சம் பழகியவர் என்றால் "ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்" என்று தொடங்கலாம். முன்கூட்டி காதில் போட்டுவைக்கிற தொனி அதற்கு உண்டு. ஆனால் பேச்சு நடையைச் சேர்ந்தது. வங்கிக்கோ வக்கீலுக்கோ போகிற கடிதத்தில் அது வேண்டாம். டிப் ஆஃப் என்பதை இந்த இடத்தில் தொடவே கூடாது, ரகசியமாகத் துப்புக் கொடுப்பது அது.

தொடாதே என்று எழுதினால் தொடு என்று படிக்கிறார்கள்

விபத்து அறிக்கைகளில் இது அடிக்கடி கண்ணில் படும். "தி சூப்பர்வைசர் வார்ன்டு தி ஹெல்பர் டு டச் தி பெல்ட்." எழுதியவர் மனதில் இருந்தது "பெல்ட்டைத் தொடக்கூடாது என்று எச்சரித்தார்" என்பது. அறிக்கையைப் படிக்கும் இன்சூரன்ஸ்காரருக்கு "தொடச் சொல்லி எச்சரித்தார்" என்று கிடைக்கிறது. சூப்பர்வைசர் தலையில் வந்து விடியும்.

தமிழில் எச்சரித்தார் என்றாலே "வேண்டாம்" என்ற வாசனை அதில் இருக்கிறது. ஆங்கில வார்னில் அது கிடையாது. வார்னுக்குப் பின்னால் டு போட்டால், அடுத்து வருவது செய்ய வேண்டிய வேலை. "வார்ன்டு தெம் டு வேர் கிளவ்ஸ்" என்றால் கையுறை போடச் சொன்னார் என்று பொருள், அது சரியான வாக்கியம். செய்யக்கூடாததைச் சொல்ல இரண்டு வழி உண்டு: "வார்ன்டு ஹிம் நாட் டு டச் தி பெல்ட்" அல்லது "வார்ன்டு ஹிம் அகெய்ன்ஸ்ட் டச்சிங் தி பெல்ட்". இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். பயத்தில் இரண்டையும் சேர்த்து "அகெய்ன்ஸ்ட் நாட் டச்சிங்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு எதிர்மறையும் சேர்ந்து மறுபடி தொடச் சொல்லிவிடும்.

ஆஃப், அபவுட் என்ற இரண்டில் குழப்பம் என்றால் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். வரப்போகிற ஆபத்துக்கு ஆஃப் பொருந்தும்: "வார்ன்டு ஆஃப் ஹெவி ரெய்ன்". ஓர் ஆளைப் பற்றியோ பொருளைப் பற்றியோ கவனமாக இரு என்றால் அபவுட்: "வார்ன்டு மி அபவுட் தட் கான்ட்ராக்டர்". சந்தேகமாக இருந்தால் அபவுட் போடுங்கள், பெரும்பாலும் காப்பாற்றிவிடும். முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டுமானால் தட். அலர்ட்டை வினையாக்கினால் டு வரும்: "அலர்ட்டட் அஸ் டு எ லீக்", அதாவது கசிவு இருப்பதை நம் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வார்ன் ஆஃப் என்று எழுதும்போது ஆஃபில் ஓர் எஃப் கூடிவிட்டால் கதையே வேறு. அதற்கு மிரட்டித் துரத்துவது என்று அர்த்தம்.

லேபிள், மேனுவல் "சிக்னல் வேர்டு ராங்" என்று திரும்பி வருகிறது

இது கொஞ்சம் நீளமான சமாசாரம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, கடல் தாண்டியும் போகிறது. அமெரிக்காவுக்குப் போகிற கிரைண்டரின் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டும் ஸ்டிக்கரில், கல் சுற்றும்போது கையை விடாதீர்கள் என்று எழுத வேண்டும். "ஏனுங்க, காஷன்னு போட்டா கொஞ்சம் மரியாதையா இருக்குமில்லீங்க?" என்று டிசைன் செய்யும் தம்பி கேட்பார். மார்க்கெட்டிங்கில் இருப்பவருக்கும் காஷன்தான் பிடிக்கும். வார்னிங் என்றால் வாங்குபவர் பயந்துவிடுவாராம்.

இங்கே மரியாதைக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் ஆன்சி (அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம்) வெளியிட்ட இசட் 535 என்ற தர வரிசை இருக்கிறது. பொருளில் ஒட்டும் லேபிளுக்கானது அதில் 535.4. லேபிளின் தலையில் நிற்கும் சொல்லுக்குத்தான் சிக்னல் வேர்டு என்று பெயர். அப்படி நான்கு சொல்லுக்கும் நான்கு வரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். தவிர்க்காவிட்டால் சாவோ பலத்த காயமோ நேர்ந்தே தீரும் என்றால் டேஞ்சர், சிவப்பில் வெள்ளை எழுத்து. சாவோ பலத்த காயமோ நேரக்கூடும் என்றால் வார்னிங், ஆரஞ்சில் கறுப்பு எழுத்து. சின்னக் காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும் என்றால் காஷன், மஞ்சளில் கறுப்பு. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருளுக்குத்தான் சேதம் என்றால் நோட்டீஸ், நீலத்தில் வெள்ளை. முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சின்னம் முதல் மூன்றுக்கு உண்டு, நோட்டீஸுக்குக் கிடையாது.

இப்போது கிரைண்டருக்கு வாருங்கள். குழவிக்கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் விரல் மாட்டினால் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும் காயமா? இல்லை, எலும்பு நொறுங்கும். அப்படியானால் காஷன் அடிபட்டுப் போயிற்று. ஒவ்வொரு முறையும் மாட்டியே தீருமா? இல்லை, மாட்டக்கூடும். ஆகவே வார்னிங். அதே கிரைண்டரின் அடியில் மோட்டார் சூடாகும், தொட்டால் சுரீர் என்னும், அதற்குக் காஷன். மாவு அரைத்ததும் டிரம்மை இரும்பு நார் வைத்துத் தேய்த்தால் கோடு விழும், அதற்கு நோட்டீஸ். ஒரே மெஷினில் மூன்று சொல் வருகிறது, அதில் தப்பே இல்லை.

டேஞ்சர் எங்கே வரும்? மூடி கழன்று உயிர்க் கம்பி வெளியே தெரியும் பேனல் போர்டில் வரும். நம் ஊர் டிரான்ஸ்பார்மரில் மண்டையோடும் எலும்பும் போட்டுத் தொங்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35-வது விதி அதைக் கட்டாயமாக்கியது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ, கூடவே அந்த மாவட்டத்து மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. டேஞ்சர், அபாயம் என்று இரண்டும் சேர்ந்து தொங்குவது அதனால்தான். பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 2551 என்று தனி இந்தியத் தரமே உண்டு.

நம் தொழிற்சாலைகளில் பார்க்கிற இன்னொரு வியாதி, எல்லாவற்றுக்கும் டேஞ்சர் போடுவது. எண்ணெய் சிந்திய தரைக்கும் டேஞ்சர், கேன்டீன் பாய்லருக்கும் டேஞ்சர், ஸ்டோர் ரூம் கதவுக்கும் டேஞ்சர். புலி வருது கதைதான். பேனல் போர்டில் நிஜமாகவே புலி நிற்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சொல்லைச் சரியாகப் போட்டும் லேபிள் திரும்பி வந்தால், கீழே உள்ள வரியைப் பாருங்கள். "வார்னிங்: பி கேர்ஃபுல்" என்று எழுதி முடித்திருப்பார்கள். எதற்குக் கேர்ஃபுல்? என்ன ஆபத்து, என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது என்று மூன்றும் வேண்டும். "ரொட்டேட்டிங் ஸ்டோன்ஸ் கேன் கிரஷ் ஃபிங்கர்ஸ். ஸ்விட்ச் ஆஃப் அண்ட் அன்பிளக் பிஃபோர் ரீச்சிங் இன்சைட்." இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை, வேலை நடக்கும்.

ஹசார்ட், ரிஸ்க் இரண்டும் மாறிப்போனால் ஆடிட்டில் மாட்டும். சுற்றுகிற கல்தான் ஹசார்ட். அதில் கை மாட்ட எவ்வளவு வாய்ப்பு, மாட்டினால் எவ்வளவு சேதம் என்ற கணக்குதான் ரிஸ்க்.

பனியன் பேக்கிங்கில் சோக்கிங், சஃபொகேஷன் இடம் மாறிவிட்டது

திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைப்பவர்களுக்கு இது தனிப் பாடம். மூன்று ஆபத்து, மூன்று சொல். குழந்தை வாயில் போட்டு விழுங்கப்பார்த்துத் தொண்டையில் அடைத்துக்கொள்வது சோக்கிங். உடுப்போடு ஒரு குட்டிப் பொம்மை வைத்து விற்றால் அதற்கு இது வரும். பாலி பேக் (பிளாஸ்டிக் பை) முகத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டுவது சஃபொகேஷன். தொப்பி வைத்த ஜாக்கெட்டின் கழுத்துக் கயிறு எதிலாவது மாட்டி இறுக்குவது ஸ்ட்ராங்குலேஷன். மூன்றிலும் மூச்சு நிற்கும் என்பதால் நாம் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். அங்கே மூன்றுக்கும் விதி வேறு, சோதனை வேறு.

கயிறு விஷயத்தில் எச்சரிக்கை வாசகம் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-ல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2டி (இரண்டு வயதுக் குழந்தைக்கான சைஸ்) முதல் 12 வரையிலான சைஸில் தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறே கூடாது என்பது அதன் சாரம். "ஒரு லேபிள் அடிச்சு ஒட்டிரலாமுங்க" என்று யாராவது சொன்னால், கயிற்றை உருவச் சொல்லுங்கள்.

பாலி பேக்கில் வரும் வாசகம் பேக்கிங் செக்ஷனில் எல்லோருக்கும் மனப்பாடம்: "வார்னிங்: டு அவாய்ட் டேஞ்சர் ஆஃப் சஃபொகேஷன், கீப் திஸ் பிளாஸ்டிக் பேக் அவே ஃப்ரம் பேபீஸ் அண்ட் சில்ட்ரன்." நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் சட்டம் கேட்பது இந்த மாதிரி வாசகத்தை. இதில் வார்னிங்கும் டேஞ்சரும் ஒரே வரியில் வருகின்றனவே, ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்காதீர்கள். தலையில் நிற்பது சிக்னல் சொல், நடுவில் வருவது ஆபத்து என்ற சாதாரணப் பொருளில் வரும் பெயர்ச்சொல். அதைவிட முக்கியம், பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க்கில் இருக்கும் சட்ட வாசகத்தைத் திருத்துவது நம் வேலையே இல்லை. காற்புள்ளி உட்பட அப்படியே போக வேண்டும்.

பிரிட்டனுக்குப் போகிற பெரியவர்களின் இரவு உடைகளுக்கும் இதே கதைதான். 1985-ல் வந்த அவர்கள் விதிப்படி தீத்தடுப்புச் சோதனையில் தேறாதவற்றுக்கு "கீப் அவே ஃப்ரம் ஃபயர்" என்ற லேபிள் வேண்டும். அதை "பிவேர் ஆஃப் ஃபயர்" என்று மெருகேற்றினால் சரக்கு நிற்கும்.

இன்ஃப்ளேமபிள் என்பதை யாரோ "எரியாது" என்று புரிந்துகொண்டார்கள்

தீ என்று வந்துவிட்டதால் இதையும் பார்த்துவிடலாம். இன் சேர்த்தால் எதிர்ப்பதம் என்று பள்ளியில் படித்தோம். கரெக்ட், இன்கரெக்ட். அந்தக் கணக்கில் ஃப்ளேமபிள் எரியும், இன்ஃப்ளேமபிள் எரியாது என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றேதான், இரண்டும் எரியும். இந்த இன் இலத்தீனிலிருந்து வந்த வேறு இன், தீப்பற்ற வைப்பது என்ற வினையோடு ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவிலேயே இந்தக் குழப்பம் இருந்ததால் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே ஃப்ளேமபிள் என்று மட்டும் எழுதச் சொல்ல ஆரம்பித்தது. நம் சேலம்-கொச்சி சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் முதுகில் இன்னும் "ஹைலி இன்ஃப்ளேமபிள்" என்றுதான் பார்க்கிறோம். பொள்ளாச்சி நார் மில்லிலோ பஞ்சு குடோனிலோ புதிதாகப் பலகை எழுதுகிறீர்கள் என்றால் ஃப்ளேமபிள் போடுங்கள். எரியாதது என்றால் நான்ஃப்ளேமபிள். பழைய சொல்லை எங்கும் எழுதாமல் விட்டுவிடுவதே நிம்மதி.

மழைக்கு அலர்ட் என்று எழுதினேன், "அது வார்னிங்கா, அலர்ட்டா?" என்கிறார்கள்

நீலகிரியிலும் வால்பாறையிலும் கொட்டுகிறது, கொச்சித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுமா தெரியவில்லை. பையருக்கு மெயில் போகிறது. டிவியில் ரெட் அலர்ட் என்கிறார்கள், செய்தித்தாளில் சிவப்பு எச்சரிக்கை என்றிருக்கிறது. எதை எழுதுவது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நான்கு நிறத்துக்கும் சொந்தப் பெயர் உண்டு. பச்சை, நோ வார்னிங். மஞ்சள், வாட்ச்: நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு, அலர்ட்: தயாராக இரு. சிவப்பு, வார்னிங்: இறங்கிச் செயல்படு. அந்தப் பட்டியல்படி அலர்ட் ஒரு படி கீழே, வார்னிங் மேலே. தமிழில் மூன்றையும் எச்சரிக்கை என்று சொல்லி நிறத்தை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம், அதில் சிக்கல் வரவில்லை. ரெட் அலர்ட் என்பது ஊடகங்களில் ஊறிப்போன வழக்கு. சாதாரண மெயிலில் அதை எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஃபோர்ஸ் மெஜூர், அதாவது நம் கையை மீறிய காரணத்தால் தாமதம் என்று பின்னால் கோரிக்கை வைக்கும் எண்ணம் இருந்தால் "ரெட் வார்னிங் இஷ்யூட் பை தி இந்தியா மீட்டியராலஜிக்கல் டிபார்ட்மென்ட்" என்று துறையின் சொல்லையே எழுதுங்கள்.

மழைக்கும் அப்படித்தான். ஹெவி என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை. வெரி ஹெவி 115.6 முதல் 204.4 வரை. அதற்கு மேல் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. நம் கனமழை, மிகக் கனமழை, அதிகனமழைக்கு நேரான சொற்கள் இவை. சின்னக்கல்லாற்றில் பெய்ததை "வெரி வெரி ஹெவி" என்று எழுதினால் அது ஆதங்கம், அளவு ஆகாது.

இங்கிலாந்து பையர் என்றால் அவர் பழகிய படிக்கட்டு வேறு: ஃப்ளட் அலர்ட் என்றால் வெள்ளம் வரலாம், தயாராகு. ஃப்ளட் வார்னிங் என்றால் வரப்போகிறது, செயல்படு. சிவியர் ஃப்ளட் வார்னிங் என்றால் உயிருக்கே ஆபத்து. பவானிசாகர் அணை 105 அடியை நெருங்கும்போது பவானி ஆற்றோரத்துக்கு விடப்படும் "வெள்ள அபாய எச்சரிக்கை"யை "ஃப்ளட் டேஞ்சர் வார்னிங்" என்று மூன்று சொல்லாக்கி எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளட் வார்னிங் என்றாலே அபாயம் அதற்குள் அடக்கம்.

அலார்ம் இந்த வரிசையில் சேராது. அது மணி, சைரன், அல்லது மனதில் வரும் திகில். "வீ ஆர் அலார்ம்டு" என்று எழுதினால் பதறிப்போயிருக்கிறோம் என்று பொருள். நமக்குத் தகவல் வந்துவிட்டது என்ற அர்த்தத்தில் அதை எழுதிவிடாதீர்கள்.

பிவேர், பி அவேர் இரண்டும் கலந்துவிட்டது

நாய் படம் போட்டு "பி அவேர் ஆஃப் டாக்" என்று கேட்டில் மாட்டியிருப்பார்கள். இங்கே நாய் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள் என்கிறது அது. கடிக்குமா என்று அதில் இல்லை. ஜாக்கிரதை என்றால் பிவேர். தகவல் தெரிந்திருக்கட்டும் என்றால் பி அவேர்: "ப்ளீஸ் பி அவேர் தட் தி ஆஃபீஸ் வில் பி குளோஸ்டு ஃபார் பொங்கல்".

பிவேருக்கு இன்னொரு குணம், அது உருமாறாது. பிவேர்டு, பிவேரிங் என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. கட்டளையாகவோ, "மஸ்ட் பிவேர்", "டு பிவேர்" என்றோதான் வரும். நேற்று ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று சொல்ல "தே வேர் கேர்ஃபுல்" என்று வேறு பக்கம் போக வேண்டியதுதான்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் யானை வரும். பலகைக்கு "பிவேர் ஆஃப் எலிஃபன்ட்ஸ்" சரி, "காஷன்: எலிஃபன்ட்ஸ் கிராசிங்" என்பதும் சரி. யானை மிதித்தால் சின்னக் காயமா, மேலே சொன்ன கணக்குப்படி அது வார்னிங் இல்லையா என்று கேட்டால் கேள்வி நியாயமானது. ஆனால் சாலைப் பலகைக்கு ஆன்சி வராது. நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் முதல் அட்டவணை முக்கோணப் பலகைகளை காஷனரி சைன்ஸ் என்கிறது. பிரிட்டனில் அதே வகைப் பலகைக்கு வார்னிங் சைன்ஸ் என்று பெயர். எந்தத் துறைக்கு எழுதுகிறோமோ அந்தத் துறையின் சொல்தான் செல்லும்.

மெமோவா, வார்னிங் லெட்டரா, ஷோ காஸ் நோட்டீஸா?

ஒருவர் மூன்று நாள் சொல்லாமல் லீவு. ஹெச்ஆரில் இருப்பவர் ஷோ காஸ் நோட்டீஸ் என்று தலைப்புப் போட்டு, உள்ளே "யூ ஆர் ஹியர்பை வார்ன்டு" என்று எழுதுகிறார். தலைப்பும் உடலும் ஒட்டவில்லை. ஷோ காஸ் என்பது "உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, காரணம் சொல்" என்று கேட்பது. பதில் வரும்முன் எச்சரித்துவிட்டால் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டதாக ஆகும். முதலில் ஷோ காஸ், விளக்கம் வாங்கிய பிறகு தேவையானால் வார்னிங் லெட்டர். மெமோ என்பது எழுத்தில் கொடுக்கும் குறிப்பு மட்டும்தான், அதில் பாராட்டும் இருக்கலாம். நம் ஊரில் மெமோ என்றாலே முகம் சுருங்குவது பழக்கதோஷம்.

அரசுப் பணியில் இன்னும் ஒரு கோடு உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் சென்ஷர் (கண்டனம்) என்பது தண்டனைப் பட்டியலில் இருக்கிறது, வார்னிங் இல்லை. ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதினால் ஒருவரின் பதவி உயர்வில் கை வைத்ததாக ஆகிவிடும்.

"லாஸ்ட் அண்ட் ஃபைனல் வார்னிங்" என்று எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. ஃபைனல் என்றால் போதும். அதே ஆளுக்கு அதே தலைப்பில் நான்காவது கடிதம் போகிறது என்றால் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை.

வாயால் கத்த வேண்டிய நேரத்தில் சொல் வரவில்லை

வெளிநாட்டு ஆடிட்டர் செக்கிங் டேபிள்களுக்கு நடுவே நடந்து வருகிறார். பின்னால் ரோல் ரோலாகத் துணி ஏற்றிய டிராலி, தள்ளுகிற தம்பிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. கூடப் போகிற அக்கா பதறி "டேக் கேர், டேக் கேர்!" என்கிறார். ஆடிட்டர் திரும்பிச் சிரித்து "யூ டூ" என்கிறார். டேக் கேர் பிரியும்போது சொல்வது. நம் "பாத்துப் போங்க" வழியனுப்பவும் வரும், வழுக்கும் தரைக்கும் வரும், அதனால் இந்தக் குழப்பம்.

அந்த நொடிக்கு "வாட்ச் அவுட்!" அல்லது "லுக் அவுட்!" போதும். "காஷன்!" என்று யாரும் கத்துவதில்லை, அது பலகைக்கான சொல். லுக் அவுட் என்று கேட்டதும் வெளியே எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அவசரம் இல்லாமல், படி இருக்கிறது என்று காட்ட பிரிட்டிஷ்காரரிடம் "மைண்ட் தி ஸ்டெப்", அமெரிக்கரிடம் "வாட்ச் யுவர் ஸ்டெப்". லண்டன் சுரங்க ரயிலில் 1968 முதல் ஒலிக்கும் "மைண்ட் தி கேப்" இந்த மைண்ட்தான். பழைய மில் கட்டடங்களின் தாழ்ந்த நிலைவாசலுக்கு "மைண்ட் யுவர் ஹெட்".

பலகை இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை

சொல் சரி, நிறம் சரி, இருந்தும் கையை விடுகிறார்கள் என்றால் வாக்கியத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். "கைண்ட்லி டு நாட் ஓப்பன் தி பேனல்" என்று இருக்கும். 415 வோல்ட்டுக்கு முன்னால் கைண்ட்லி எதற்கு? ப்ளீஸ், கைண்ட்லி, ரிக்வெஸ்டட் எல்லாம் செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லும் பலகைக்குப் பொருந்தும். உயிர் போகிற இடத்தில் கெஞ்சினால், விருப்பம் இருந்தால் செய்யலாம் போலிருக்கிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஷுட் என்பதையும் அங்கே எடுத்துவிட்டு மஸ்ட் போடுங்கள், அல்லது நேரே கட்டளையாக "டு நாட் ஓப்பன்".

அதற்கப்புறமும் திறக்கிறார்கள் என்றால் ஒரு பூட்டு வாங்குங்கள்.